அடைபட்ட ஆலைகளும் அழைக்கப்பட்ட சபையும்

ஐரோப்பியத் திருச்சபை வரலாற்றைப் பயிலும் நம் மாணவர், தொழிற்புரட்சியைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருப்பர். நீராவி இயந்திரம் வந்தது, ஆலைகள் எழுந்தன, நாட்டுப்புற மக்கள் நகரங்களில் குவிந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் திருச்சபையின் கைக்கு எட்டாமற் போயினர். இவ்வளவும் பாடநூல்களில் உண்டு. ஆனால் அவ்வாறு எழுந்த ஆலைகள் பின்னர் மூடப்பட்ட வரலாறு நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 20ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டும் தளங்களும் பஞ்சாலைகளும் உருக்காலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டபோது, அவற்றின் நிழலில் வாழ்ந்த சபைகள் என்ன செய்தன? போதகர் எங்கே நின்றார்? இவ்வினாக்களை நான்கு ஊர்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். இந்நான்கு ஊர்களில் எதிலும் திருச்சபையின் முயற்சியால் ஓர் ஆலையேனும் காப்பாற்றப்படவில்லை. வெற்றியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இவ்வரலாற்றை எழுதவே வேண்டியதில்லை. ஆயினும் ஆலை மூடப்படுகையில் எழும் வினா கூலியைப் பற்றிய வினா மட்டுமன்று. “இனி நான் யாருக்கு வேண்டும்?” என்று வேலையிழந்தவன் தன் உள்ளத்தில் கேட்கிறான். இதற்கு விடை கூறும் கடமை சீர்திருத்தத் திருச்சபைகளுக்குச் சிறப்பாக உண்டு. ஏனெனில் மனிதனின் தொழிலே கடவுள் அவனுக்கு அளித்த அழைப்பு என்று அவனுக்குக் கற்பித்தவை அத்திருச்சபைகளே.

1. அழைப்பும் தொழிலும்

இடைக்காலத்தில் அழைப்பு என்னும் சொல் பெரும்பாலும் துறவியரையும் குருமாரையுமே குறித்து வழங்கியது. மார்ட்டின் லுத்தர் இதனை மாற்றினார். திருமறையை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, கடவுளின் அழைப்பையும் அன்றாடத் தொழிலையும் ‘பெரூஃப்’ என்னும் ஒரே சொல்லால் குறித்தார். 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனம் இதற்கு முக்கிய இடமாயிற்று. செருப்புத் தைப்பவனும் பால் கறப்பவளும் தம் வேலையிலேயே கடவுளுக்குத் தொண்டு செய்கின்றனர் என்ற போதனை உழைப்பாளருக்குப் பெரும் மதிப்பை அளித்தது. 1904–05ஆம் ஆண்டுகளில் மாக்ஸ் வேபர் என்னும் சமூகவியல் அறிஞர் இச்சொல்லைச் சுட்டிக்காட்டியே, சீர்திருத்தக் கிறிஸ்தவத்திற்கும் புதிய முதலாளித்துவத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்.

லுத்தரின் காலத்துச் செருப்புத் தொழிலாளிக்கு ஊசியும் உளியும் சொந்தம். ஆலைத் தொழிலாளிக்கோ தன் கைகளைத் தவிர வேறெதுவும் சொந்தமில்லை. இயந்திரமும் கட்டடமும் வேறொருவர்க்கு உரியவை. எனவே அவனுடைய ‘அழைப்பு’ பங்குதாரர் கூட்டத்தின் ஒரு தீர்மானத்தால் நின்றுவிடக்கூடியதாயிற்று. கடவுள் அழைத்தது உண்மையானால், வாயில் பூட்டப்பட்ட அன்று அவ்வழைப்பு என்னவாயிற்று?

லுத்தர் கூறிய அழைப்பு கூலி வேலையை மட்டும் குறித்ததன்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தந்தையாயிருப்பதும், தாயாயிருப்பதும், அண்டை வீட்டானாயிருப்பதும், குடிமகனாயிருப்பதும் அழைப்பே என்றார் அவர். காலப்போக்கில் இவ்விரிந்த பொருள் சுருங்கி, ‘பெரூஃப்’ என்பது ஜெர்மன் மொழியில் வெறும் உத்தியோகத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. பொருள் இவ்வாறு சுருங்கியதால் விளைந்த தீங்கு, ஆலைகள் மூடப்பட்டபோதுதான் முழுமையாக வெளிப்பட்டது.

2. மரியென்தால்: காலம் சிதைந்த ஊர்

முதலாவது ஊர், ஆஸ்திரிய நாட்டில் வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள மரியென்தால். 1830இல் அங்குத் தோன்றிய நூற்பாலை நூறாண்டுக் காலம் அவ்வூரின் உயிராயிருந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியின்போது, 1929–30இல் ஆலை படிப்படியாக மூடப்பட்டது. அங்கு வாழ்ந்த 478 குடும்பங்களில் ஏறத்தாழ முக்காற்பங்கு வேலையின்மை உதவித்தொகையை நம்பி வாழும் நிலைக்கு வந்தன. மாரி யகோதா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் தம் தோழருடன் 1931–32இல் அவ்வூருக்குச் சென்று ஆராய்ந்தனர். அவர்களுடைய நூல் 1933இல் லைப்சிக் நகரில் வெளியாயிற்று. அவர்கள் திருச்சபைப் பணியாளர் அல்லர், சமதர்மக் கொள்கையினர். ஆயினும் சபை மேய்ப்பர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்திகள் அந்நூலில் உண்டு.

வேலை இல்லாதவனுக்குப் படிக்க நேரம் மிகும் என்றே யாரும் எண்ணுவர். மரியென்தாலில் நூலகக் கட்டணத்தை நீக்கிய பின்னரும் மக்கள் எடுத்துச் சென்ற நூல்களின் எண்ணிக்கை இரண்டாண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அரசியற் கட்சிகளிலும் மன்றங்களிலும் ஊக்கம் தணிந்தது. ஆராய்ச்சியாளர் முதன்மைச் சாலையில் நடப்போரைக் கவனித்துக் குறிப்பெடுத்தனர். ஆடவருள் மூன்றில் இரண்டு பங்கினர் சிறிது தொலைவிற்குள் இருமுறையேனும் நின்றுநின்று சென்றனர். நிற்காமல் நடந்தவர் பத்தில் ஒருவரே. பெண்டிரோ அவர்களினும் விரைந்து நடந்தனர். அடுப்பும் துணி துவைத்தலும் குழந்தைகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. ஆடவருட் பலர் கைக்கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டனர். பள்ளிச் சிறுவரைக் கிறிஸ்துமஸ் விருப்பங்களை எழுதச் சொன்னபோது, அவர்கள் கேட்ட பொருள்களின் விலை அண்டைக் கிராமத்துச் சிறுவர் கேட்டவற்றில் மூன்றில் ஒரு பங்கே இருந்தது. ஆசைப்படுவதற்கும் அச்சிறுவர் அஞ்சினர்.

வறுமை மக்களைப் புரட்சிக்குத் தூண்டும் என்று பலர் எண்ணியிருந்தனர். ஆராய்ச்சியாளர் அங்குக் கண்டதோ சோர்ந்துபோன ஒரு சமுதாயத்தை. வேலை கூலியை மட்டும் அளிப்பதன்று. நாளை ஒழுங்குபடுத்தி, பிறரோடு இணைத்து, பொதுவான ஒரு நோக்கத்தில் மனிதனுக்குப் பங்கு அளிக்கிறது என்பதை யகோதா பிற்காலத்தில் விரித்துரைத்தார். பெண்டிர் விரைந்து நடந்ததன் பொருளையும் நாம் கவனிக்க வேண்டும். அவர்களும் ஆலையில் கூலியை இழந்தவர்களே. ஆனால் அவர்களுக்காகக் காத்திருப்போர் வீட்டில் இருந்தனர். கூலி நின்ற பின்னும் அவர்களை அழைக்கும் குரல் நிற்கவில்லை.

3. ஜாரோ: ஆசீர்வாதமும் பின்வாங்குதலும்

இரண்டாவது ஊர், இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் உள்ள ஜாரோ. திருச்சபை வரலாற்று மாணவர்க்கு இப்பெயர் புதிதன்று. ஆங்கிலத் திருச்சபை வரலாற்றை முதன்முதலில் எழுதிய துறவி பீட் வாழ்ந்து 735இல் மறைந்தது இவ்வூர் மடத்தில்தான். அதே ஊரில் 1852 முதல் சார்ல்ஸ் பாமரின் கப்பல் தளம் இயங்கி வந்தது. ஊரின் பிழைப்பு முழுவதும் அதனையே சார்ந்திருந்தது. 1933இல் அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. மிகுதியான தளங்களை ஒழிப்பதற்கெனக் கப்பல் கட்டும் முதலாளிகள் தாமே அமைத்திருந்த நிறுவனம் ஒன்று 1934இல் தளத்தை விலைக்கு வாங்கி, 40 ஆண்டுகளுக்கு அங்குக் கப்பல் கட்டக்கூடாதென்ற நிபந்தனையுடன் அதனைக் கலைத்தது. ஜாரோவில் வேலையின்மை ஒரு கட்டத்தில் 70 விழுக்காட்டையும் தாண்டியது. புதிய உருக்காலை ஒன்றை அங்கு நிறுவும் திட்டமும் எஃகு முதலாளிகளின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

முறையிடச் சென்ற தூதுக்குழுவினரிடம் வணிக அமைச்சர் வால்ட்டர் ரன்சிமன், ஜாரோ தன் இரட்சிப்பைத் தானே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்ற கருத்துப்படப் பதிலளித்தார். பிலிப்பியர் நிருபத்தின் சாயல் படிந்த சொற்கள் இவை. ஆனால் அடுத்த வசனத்தில் பவுல், அவர்களுக்குள்ளே செயலாற்றுகிறவர் கடவுளே என்று உறுதி கூறுகிறார். அமைச்சர் முதற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். திருமறைச் சொற்கள் ஏழைகளைக் கைவிடுவதற்கும் பயன்படும் என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

1936 அக்டோபர் 5ஆம் நாள், 200 ஆடவர் ஏறத்தாழ 300 மைல் தொலைவிலுள்ள இலண்டனை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டனர். 11,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை ஒரு கருவாலி மரப்பெட்டியில் எடுத்துச் சென்றனர். நாடாளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் அம்மையார் அவர்களோடு வழியில் பல பகுதிகளில் நடந்தார். புறப்படுமுன் கிறிஸ்து ஆலயத்தில் வழிபாடு நடைபெற்றது. ஜாரோவின் துணைப் பேராயர் ஜெஃப்ரி கார்டன் அவர்களை ஆசீர்வதித்தார். ரிப்பன் நகரில் அவ்வூர்ப் பேராயரும் சபைப் பிரதிநிதிகளும் அவர்களை வரவேற்றனர்.

ஆயினும் டர்ஹம் பேராயர் ஹென்ஸ்லி ஹென்சன் வேறுவகையாக எண்ணினார். திரள் திரளாக நடந்து சென்று அரசை நெருக்குவது மக்களாட்சிக்குப் பகையான புரட்சி முறை என்று அவர் செய்தித்தாளில் கண்டித்தெழுதினார். அதன்பின் துணைப் பேராயர் கார்டனும், தாம் அளித்த ஆசீர்வாதம் அப்பயணத்தை ஏற்றுக்கொண்டதன் அறிகுறியன்று என்று விளக்கம் எழுதினார். நவம்பர் 4ஆம் நாள் மனு நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. விவாதம் எதுவும் நடைபெறவில்லை. வீடு திரும்பிய ஆடவரின் உதவித்தொகையோ, அந்நாட்களில் அவர்கள் வேலைக்குக் கிடைக்கக்கூடியவராய் இருக்கவில்லை என்ற காரணங்காட்டிக் குறைக்கப்பட்டது.

ஹென்சனை இரக்கமற்றவர் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் தெருக்கூட்டங்கள் நாடாளுமன்றங்களைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. எனினும், ஒருவரைக் கைதூக்கி ஆசீர்வதித்த பின், அவர் நடந்த வழிக்கு நான் பொறுப்பல்ல என்று கூற இயலுமா? ஜாரோ நம் முன் வைக்கும் வினா இதுவே. நடந்து சென்றோரின் துன்பத்தைத் திருச்சபை ஆசீர்வதித்தது. அவர்கள் எடுத்த முயற்சியையோ தன்னதாக ஏற்கத் தயங்கியது.

4. டெம்பிளும் அவருக்குப் பின் வந்தோரும்

அதே ஆண்டுகளில் யார்க் தலைமைப் பேராயராயிருந்த வில்லியம் டெம்பிள், வேலையின்மையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஊக்கமளித்தார். பில்கிரிம் அறக்கட்டளையின் சார்பில் ஆறு ஊர்களில் நடைபெற்ற அவ்வாராய்ச்சி 1938இல் நூலாக வெளிவந்தது. 1942இல் டெம்பிள் எழுதிய கிறிஸ்தவமும் சமூக ஒழுங்கும் என்னும் நூல் இதன் இறையியற் பயனை எடுத்துக்காட்டியது. வேலையற்றோர் அடையும் மிகக் கொடிய காயம் பசியன்று. பொது நலனுக்குத் தாம் எதையும் அளிக்க வழியில்லாத நிலையே என்பது அவர் கருத்து. மரியென்தாலில் ஆராய்ச்சியாளர் கண்டதையே டெம்பிள் இறையியல் மொழியில் கூறினார் எனலாம்.

போருக்குப் பின், சில போதகர் ஆலைகளின் உள்ளே சென்றனர். ஷெஃபீல்டு பேராயர் லெஸ்லி ஹன்டர் 1944இல் டெட் விக்கம் என்னும் குருவானவரை எஃகுத் தொழிலாளரிடையே பணியாற்ற அமர்த்தினார். விக்கம், இடைவேளைகளில் உலைகளின் அருகே தொழிலாளருடன் உரையாடி, ஒரு புதிய அருட்பணிக்கு வழிவகுத்தார். ஜெர்மனியில் ஹோர்ஸ்ட் சிமனோவ்ஸ்கி மைன்ஸ்-காஸ்டெல் என்னும் இடத்தில் சிமெண்டு ஆலையில் கூலி வேலை செய்தார். இறையியல் மாணவர் ஆலைகளில் உழைத்துப் பயிலும் பயிற்சிக் கழகம் ஒன்றையும் தொடங்கினார். அவர் சார்ந்திருந்தது கோஸ்னர் மிஷன். 1845 முதல் நம் நாட்டின் சோட்டா நாக்பூரில் பணியாற்றிய அதே மிஷன். ஆலைக்குள் சென்று உழைத்த போதகரிடம் தொழிலாளர், நீர் எங்களை எங்கே அழைக்கிறீர் என்று கேட்பதற்கு முன், நீர் எங்கே நிற்கிறீர் என்று கேட்டனர். ஆலை மூடப்பட்ட காலம் வந்தபோது இவ்வினாவே பெரிதாயிற்று.

5. ரைன்ஹவுசன்: வாயிலில் நின்ற சபை

1973இல் எண்ணெய் நெருக்கடி தோன்றிய பின் ஐரோப்பிய எஃகுத் தொழில் தளர்ந்தது. தேவைக்கு மிஞ்சிய உலைகள் இருந்தன, விலை வீழ்ந்தது. 1980இல் ஐரோப்பிய ஆணையம் நெருக்கடி நிலையை அறிவித்து, ஆலைகளின் உற்பத்திக்கு அளவு வகுத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கான்செட் நகர எஃகாலை மூடப்பட்டு 3,700 பேர் வேலையிழந்தனர். 1974ஐ அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐரோப்பியச் சமுதாய நாடுகளில் எஃகுத் தொழிலாளரின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று.

ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இடக்கரையில் ரைன்ஹவுசன் உள்ளது. டூயிஸ்பர்க் மாநகரின் ஒரு பகுதி அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு எழுந்த க்ரூப் எஃகாலையில் ஒரு காலத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 1987 நவம்பர் இறுதியில் ஆலை மூடப்படும் என்ற செய்தி வெளியானபோதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு இருந்தனர். செய்தியை அவர்கள் முதலில் அறிந்தது நிர்வாகத்தின் வாயிலாகவன்று; வெளியே கசிந்த செய்தியாலேயே. அதனால் சினம் மிகுந்தது. டிசம்பர் 10ஆம் நாள் ரூர் பகுதியின் சாலைகளையும் பாலங்களையும் தொழிலாளர் மறித்தனர். ஏறத்தாழ 160 நாட்கள் அப்போராட்டம் நீடித்தது.

இங்குச் சபை வேறிடத்தில் நின்றது. அவ்வூர்ப் போதகர் டீட்டர் கெல்ப் குடிமக்கள் குழுவில் முன்னின்று பணியாற்றினார். டிசம்பரில் லுத்தரன், சீர்திருத்த, கத்தோலிக்கக் கிறிஸ்தவர் இணைந்து ஒரு வழிபாட்டை நடத்தினர். அது நடைபெற்ற இடம் ஆலயமன்று, எஃகாலையின் உருட்டுக்கூடம். ஆயிரக்கணக்கானோர் கூடினர், ஆலயப் படியை மிதித்துப் பல ஆண்டுகள் ஆனவரும் அவர்களுள் இருந்தனர். 1988 ஜனவரியில் ரைன் ஆற்றுப் பாலத்திற்குத் தொழிலாளர் ‘ஒருமைப்பாட்டுப் பாலம்’ என்று பெயர்ப்பலகை பொருத்தினர். அப்பெயர் இன்றும் நிலைத்துள்ளது.

1988 மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு நடுவராயிருந்தவர் மாநில முதலமைச்சர் யோஹன்னஸ் ராவ். சபைப்பற்று மிக்க சீர்திருத்தக் கிறிஸ்தவர், பிற்காலத்தில் ஜெர்மனியின் குடியரசுத் தலைவரானவர். ஆலையின் ஒரு பகுதி மேலும் சில ஆண்டுகள் இயங்கவும், பணியாளரை வேறிடங்களுக்கு மாற்றவும் வழி பிறந்தது. எனினும் 1993 ஆகஸ்டில் ஆலை முற்றிலும் மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் சரக்குக் கிடங்குகளும் கொள்கலன் முனையமும் உள்ளன. சீனாவிலிருந்து வரும் சரக்குத் தொடர்வண்டிகள் அங்கு வந்தடைகின்றன. வேலைவாய்ப்பு மீண்டும் வந்தது உண்மையே. ஆனால் ஊதுலையின் முன் முப்பது ஆண்டுகள் உழைத்தவனுக்கு அது வரவில்லை.

ஜாரோவையும் ரைன்ஹவுசனையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஜாரோவில் தொழிலாளர் ஆலயத்திற்கு வந்து ஆசி பெற்றுச் சென்றனர். ரைன்ஹவுசனில் சபை ஆலைக்குச் சென்று அவர்களோடு தங்கியது. ஆயினும் இவ்விரண்டிலும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. போராட்டம் நடைபெறும்வரை திரள் இருக்கும், விளக்கொளி இருக்கும், செய்தியாளர் வருவர். உடன்பாடு கையெழுத்தான மறுநாள் என்ன நடக்கும்? இதற்கு விடை காண நான்காவது ஊருக்குச் செல்லவேண்டும்.

6. லைப்சிக்: திரள் கலைந்த பின்

தமிழ் லுத்தரன்களுக்கு லைப்சிக் நகரம் அயலானதன்று. 1848 முதல் லைப்சிக் மிஷனின் தலைமையகம் அந்நகரில்தான். அம்மிஷனின் பணியிலிருந்தே 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. நமக்கு நற்செய்தியாளரை அனுப்பிய அந்நகரின் மக்கள் 1990க்குப் பின் அடைந்த துன்பத்தை நாம் அறிந்திருப்பது முறையே.

புனித நிக்கலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் அமைதிக்கான வேண்டுதல் நடைபெற்று வந்தது. 1989 அக்டோபர் 9ஆம் நாள் அவ்வேண்டுதலுக்குப் பின் ஏறத்தாழ 70,000 பேர் கைகளில் மெழுகுவர்த்தியேந்தி நகரைச் சுற்றி நடந்தனர், துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒரு மாதத்தில் பெர்லின் மதில் திறந்தது. இவ்வளவும் பலர் அறிந்தது. அதன்பின் நடந்ததே அறியப்படாதது.

1990 ஜூலை 1ஆம் நாள் மேற்கு ஜெர்மன் நாணயம் கிழக்கில் நடைமுறைக்கு வந்தது. ஊதியங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றப்பட்டன. பழைய இயந்திரங்களைக் கொண்ட கிழக்கத்திய ஆலைகளின் பொருள்களை உள்நாட்டு மக்களே வாங்க மறுத்தனர். சோவியத் சந்தையும் சரிந்தது. ஆலைகளை விற்பதற்கும் மூடுவதற்கும் பொறுப்பேற்ற ‘டிராய்ஹாண்ட்’ என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் 1990இல் ஏறத்தாழ 8,500 தொழில் நிறுவனங்களும் 40 இலட்சம் பணியாளரும் இருந்தனர். 1994 இறுதியில் அது கலைக்கப்பட்டபோது சுமார் 15 இலட்சம் பணியிடங்களே எஞ்சியிருந்தன. 1884இல் தொடங்கி, ஒரு காலத்தில் ஐரோப்பாக் கண்டத்திலேயே மிகப் பெரியதாக விளங்கிய லைப்சிக் பஞ்சாலையும் நூற்பை நிறுத்தியது. இன்று அதன் கூடங்களில் ஓவியர் பணிபுரிகின்றனர். கிழக்கு ஜெர்மனியில் பெண்டிருள் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றவர்கள். ஆகவே நெசவு, நூற்பு ஆலைகளின் மறைவு அவர்களைப் பெரிதும் தாக்கியது.

1991 மார்ச் மாதத்தில் பல்லாயிரவர் மீண்டும் திங்கட்கிழமைகளில் லைப்சிக் தெருக்களில் கூடினர். இம்முறை அவர்கள் கேட்டது உரிமையன்று, வேலை. ஏப்ரல் 1ஆம் நாள் டிராய்ஹாண்ட் நிறுவனத்தின் தலைவர் டெட்லெவ் ரோவெடர் சுட்டுக்கொல்லப்பட்டார். நாடு அதிர்ந்தது, தெருத் திரளும் கலைந்தது.

நிக்கலாஸ் ஆலயத்தின் திங்கள் வேண்டுதலோ நிற்கவில்லை. போதகர் கிறிஸ்தியான் ஃப்யூரர், 1989இல் நிரம்பி வழிந்த அதே ஆலயத்தில், சிலராகக் குறைந்த மக்களோடு வேண்டுதலைத் தொடர்ந்தார். வேலையின்மை வேண்டுதற்பொருளாயிற்று. வேலையற்றோர்க்கு ஆலோசனையும் துணையும் அளிக்கும் திருச்சபைக் குழு ஒன்று அவ்வாலயத்தைச் சார்ந்து செயல்பட்டது. எல்லார்க்கும் திறந்தது என்ற அறிவிப்பு 1980களில் வாயிலில் வைக்கப்பட்டபோது, அரசுக்கு அஞ்சியவர்க்கு அது புகலிடமாயிற்று. 1990களில் அதே சொற்கள் வேலைக்கு வேண்டாதவர் எனத் தள்ளப்பட்டோர்க்குப் பொருளாயின. 2008இல் ஃப்யூரர் ஓய்வு பெறும்வரை இப்பணி தொடர்ந்தது.

இதற்கிடையே 1997இல், ஜெர்மனியில் வேலையற்றோர் தொகை 40 இலட்சத்தைத் தாண்டிய வேளையில், சுவிசேஷத் திருச்சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் இணைந்து ஒருமைப்பாட்டையும் நீதியையும் பற்றிய கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டன. சபை வட்டங்களில் நீண்ட கலந்துரையாடல் நடத்திய பின்னரே அது எழுதப்பட்டது. டெம்பிள் தனியொருவராய்க் கூறியதை அரை நூற்றாண்டிற்குப் பின் திருச்சபைகள் பொதுவில் கூறின.

7. வரலாறு கற்பிப்பது

இந்நான்கு ஊர்களின் வரலாற்றிலிருந்து நாம் மூன்று உண்மைகளைப் பெறலாம்.

முதலாவது, திருமறையை எவ்வாறு மேற்கோள் காட்டுகிறோம் என்பது. வேலையற்றோரைப் பற்றிப் பேசும்போது 2 தெசலோனிக்கேயர் 3ஆம் அதிகாரத்தை எடுப்பது எளிது. ஆனால் அங்குப் பவுல் குறிப்பிடுவது உழைக்க மனமில்லாதவரை, உழைக்க இடமில்லாதவரையன்று. இவ்விருவரையும் ஒன்றாக்குவது ரன்சிமன் செய்த தவற்றையே பிரசங்கபீடத்தில் செய்வதாகும். வேலையற்றோரைப் பற்றிப் பேசும் பகுதி மத்தேயு 20ஆம் அதிகாரத்திலேயே உள்ளது. பதினோராம் மணி வேளையிலும் கடைத்தெருவில் நின்ற ஆட்கள், தம்மை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றனர். வீட்டெஜமான் அவர்களைச் சோம்பேறிகள் என்று கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் கூறிய காரணத்தை ஏற்றுக்கொண்டான்.

இரண்டாவது, எங்கே நிற்கிறோம் என்பது. ஆசீர்வாதம் கூறுவதற்கு ஒரு நாழிகை போதும். உடன் நிற்பதற்கோ ஆண்டுகள் வேண்டும். போராட்டம் நடக்கும் நாட்களில் சபையின் தோழமை விரும்பத்தக்கது. போராட்டம் முடிந்த பின்னரோ அது இன்றியமையாதது. மரியென்தால் மக்கள் சோர்ந்தது ஆலை மூடிய அன்றன்று. நாட்கள் ஒன்றுபோல் கழியத் தொடங்கிய பின்னரே. மேய்ப்பர் பணி அங்குதான் தொடங்குகிறது. திங்கட்கிழமை வேண்டுதலை விடாது நடத்திய லைப்சிக் ஆலயம், காலம் சிதைந்த மனிதர்க்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் திரும்ப அளித்தது.

மூன்றாவது, அழைப்பு என்னும் சொல்லை அதன் முழு அளவிற்கு மீட்பது. நம் தமிழ்ச் சபைகளில் இச்சொல் வேறொரு வகையில் சுருங்கியுள்ளது. போதகர் செய்வது ‘ஊழியம்’, பிறர் செய்வது ‘வேலை’ என்று பிரித்துப் பேசுகிறோம். ஐரோப்பியர் அழைப்பை உத்தியோகமாகச் சுருக்கினர். நாம் அதனைத் திருப்பணி வகுப்பாருக்கெனச் சுருக்கினோம். இரண்டினாலும் வேலையிழந்த விசுவாசி வெறுங்கையனாக நிற்கிறான். திருமுழுக்கில் பெற்ற அழைப்பு சம்பளப் பட்டியலில் எழுதப்பட்டதன்று. அதிலிருந்து நீக்கப்படுவதும் அன்று. இதனைச் சொல்லால் மட்டும் கூறினால் வேலையற்றவனுக்கு அது வெற்று ஆறுதலாகவே ஒலிக்கும். சபையில் அவனுக்குப் பொறுப்பும், அவன் வரவை எதிர்பார்ப்போரும், அவன் கைத்திறனுக்குத் தேவையும் உண்டாக்கும்போதுதான் அது உண்மையாகும். மரியென்தால் பெண்டிரை விரைந்து நடக்கச் செய்தது அத்தகைய ஒரு தேவையே.

ஆலையைத் திறக்கும் திறவுகோல் திருச்சபையின் கையில் இல்லை. முதலாளிகளையும் அரசையும் நோக்கி நீதியைக் கேட்கும் கடமையிலிருந்து இவ்வுண்மை நம்மை விடுவிக்காது; டெம்பிளும் கெல்ப்பும் ஃப்யூரரும் அதனைக் கேட்டனர். ஆனால் கேட்டது கிடைக்காத நாளிலும் செய்வதற்கு ஒன்று உண்டு. வேலை நீக்க ஓலையைப் பெற்று வீடு திரும்பும் மனிதனிடம், நீ இன்னும் வேண்டியவனே என்று கூறுவதற்கும், அதனைச் செயலில் காட்டுவதற்கும் சபை அழைக்கப்பட்டிருக்கிறது. இவ்வழைப்பிற்கு ஆயத்தப்படுத்துவது இறையியற் கல்வியின் பணிகளுள் ஒன்றென்பதை நம் மாணவர் மறவாதிருப்பாராக.